ஆகஸ்ட் முதல் தேதித் தலைக்கணக்கு

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று ‘கார்ப்பரேஷன் ஸ்கூல்’. இன்னொன்று ஏதாவது மிஷன் பள்ளி, செட்டியார் பள்ளி, சங்கத்துப் பள்ளி. இந்த இரண்டாவது வகைக்கு அரசு ஏட்டில் உள்ள பெயர் ‘அரசு உதவி பெறும் பள்ளி’. நிலமும் கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை. ஆசிரியரின் சம்பளம் அரசுடையது.

இன்று வட சென்னையில் அடுத்த ஆண்டு இருக்குமா என்ற கேள்வியோடு ஜூன் மாதத்தைத் தொடங்கும் பள்ளிகளில் இந்த வகையும் உண்டு. நிலைமை மாநிலம் முழுக்க இருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிகள் தமிழ்நாட்டில் 1,204 என்று தொடக்கக் கல்வித் துறை 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. அவற்றில் அரசுப் பள்ளிகள் 208. அரசு உதவி பெறுபவை 114. மீதியில் மிகப் பெரும் பகுதி தனியார் பள்ளிகள். ஆக, ‘அரசுப் பள்ளி காலியாகிறது, தனியார் பள்ளி நிரம்புகிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

‘பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்’ என்ற பேச்சுக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தெருவிலேயே பிள்ளைகள் இல்லாமல் போவது ஒன்று. தெருவில் பிள்ளைகள் இருந்தும் இந்தப் பள்ளிக்கு வராமல் போவது இன்னொன்று. முன்னதற்குச் செய்ய வேண்டியது வேறு, பின்னதற்குச் செய்ய வேண்டியது வேறு. வட சென்னையில் இரண்டும் ஒரே வட்டாரத்தில் நடக்கின்றன. பள்ளியின் வருகைப் பதிவேடு இரண்டையும் பிரித்துக் காட்டாது.

‘உதவி பெறும் பள்ளி’ எப்படி வந்தது?

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டி, மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் மானிய விதிகள் வந்தன. அரசே எல்லா ஊரிலும் பள்ளி கட்ட முடியாது. கட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுப்போம் என்பதே ஏற்பாடு. அதற்கு முன்பே மிஷனரிகள் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் அறக்கட்டளைகளும் இருந்தன. பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற சொத்திலிருந்து 1842இல் தொடங்கியது பச்சையப்பன் பள்ளி. துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஆலைகளையும் நம்பி மக்கள் வடக்கே குடியேறக் குடியேற, சர்ச்சுகளும் வணிகர்களும் சங்கங்களும் அங்கங்கே பள்ளி தொடங்கின. மானியம் அவற்றை நிலைநிறுத்தியது.

அந்தக் கதவு பின்னாளில் சாத்தப்பட்டது. 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிக்கோ வகுப்புக்கோ மானியம் கிடையாது என்பது சட்டமாக இருக்கிறது. எனவே இன்று உதவி பெறும் பள்ளி என்றாலே அது முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பள்ளி; அவற்றில் பல, நூறாண்டு கண்டவை. ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது. மாநிலம் முழுவதும் எட்டாயிரத்துக்கும் மேல் இருக்கும் இந்தப் பள்ளிகளின் எண்ணிக்கை இனிக் குறைய மட்டுமே முடியும்.

ஒரு பள்ளி எப்படிக் கரைகிறது?

பள்ளி மூடப்படும் செய்தி ஒருநாள் பேப்பரில் வருகிறது. ஆனால் மூடுதல் அன்று நடப்பதில்லை. அதற்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதை அரசு முடிவு செய்கிறது. ஆசிரியர்கள் இதைப் ‘பணியாளர் நிர்ணயம்’ என்பார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கான அளவைத் தருகிறது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 121 முதல் 200 வரை ஐந்து. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொடக்கப் பள்ளியில் 64 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். கோடை விடுமுறையில் இரண்டு குடும்பங்கள் வீடு மாறிப் போகின்றன. நான்கு பிள்ளைகள் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் முதல் தேதியில் கணக்கு 60. குறைந்தது நான்கு பிள்ளைகள்; போனது மூன்றில் ஓர் ஆசிரியர். ‘உபரி’ என்று கணக்கெழுதி அவரை வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் பணிநிரவல். இப்போது ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் நடத்த வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் எனப்படும் கல்வித் துறை இணையப் பதிவேட்டில் பதிவேற்றம், கூட்டம், சத்துணவுக் கணக்கு என்று அவருடைய நாள் பாதி அங்கேயே போய்விடும். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் உட்காரும். இதைப் பார்க்கும் பெற்றோர் அடுத்த ஜூனில் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

உதவி பெறும் பள்ளிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் நிர்வாகம் ஆள் போடலாம், ஆனால் நியமனத்துக்குக் கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும். வேறு பள்ளிகளில் உபரி ஆசிரியர்கள் இருக்கும்போது புதிய நியமனத்துக்கு ஒப்புதல் எளிதில் வராது. இடம் காலியாகவே கிடக்கும். நிர்வாகத்தின் சார்பில் பள்ளியை நடத்தும் தாளாளர் தன் கைப்பணத்தில் குறைந்த சம்பளத்துக்கு ஒருவரை வைத்து ஓட்டுவார். தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்க முடியாது. கட்டடப் பழுதுக்கு அரசு தரும் பராமரிப்பு மானியம் சொற்பம். ஓடு உடைந்த வகுப்பறையும் பூட்டிய கழிப்பறையும் இப்படித்தான் வருகின்றன.

கோடை வந்தால் ஆசிரியர்கள் தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளை கேட்பதும், ஆட்டோக் கட்டணத்தைத் தாங்களே ஏற்பதாகச் சொல்வதும் இதனால்தான். அவர்கள் தேடுவது அந்த அறுபத்தொன்றாவது பிள்ளையை.

தெருவில் பிள்ளைகள் குறைந்தது எதனால்?

பிறப்பு குறைந்தது முதல் காரணம். ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். தமிழ்நாட்டில் இது 1.4 என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. முன்பு ஒரு வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் வந்த பள்ளிக்கு இன்று ஒன்றோ இரண்டோ வருகிறது. இது யார் குற்றமும் இல்லை.

வட சென்னைக்கென்று தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது வேலை. பெரம்பூர் பின்னி ஆலை 1990களில் மூடப்பட்டது. 1970 முதல் ஓடிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆலை நிரந்தரத் தொழிலாளி என்றால் அவர் பக்கத்திலேயே குடும்பத்தோடு இருப்பார். அவர் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளி. காண்ட்ராக்ட் தொழிலாளியின் குடும்பம் பல நேரம் வேறு ஊரில் இருக்கிறது.

இரண்டாவது வீடு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்களுக்கு எர்ணாவூரில் குடியிருப்புகள் வந்தன. நீர்நிலைக் கரைகளிலும் சாலை ஓரங்களிலும் இருந்த குடும்பங்கள் ஆண்டுக்காண்டு அப்புறப்படுத்தப்பட்டு, நகரத்தின் மறுகோடியில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று அனுப்பப்பட்டன. பழைய ஹவுசிங் போர்டு பிளாக்குகளை இடித்துக் கட்டும்போது அங்கிருந்தவர்கள் சில ஆண்டுகள் வாடகைக்கு வேறெங்காவது போகிறார்கள். புதிய கட்டடம் எழும்பிச் சாவி கிடைக்கும் நாளில் பிள்ளை வேறு பள்ளியில் மூன்று வகுப்பு தாண்டியிருக்கும். இத்தகைய இடமாற்றத்தில் ஒரே கோடையில் ஒரு பள்ளி பாதி காலியாகிவிடலாம். வீட்டு வசதியை முடிவு செய்கிறவர்கள் ஒரு துறை. பள்ளியை எண்ணுகிறவர்கள் இன்னொரு துறை.

பிள்ளைகள் இருந்தும் வராதது எதனால்?

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். பெற்றோரின் ஆங்கில மோகம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். மோகம் உண்மைதான். ஆனால் பெற்றோர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள். அரசு கொடுக்கும் ஒவ்வொரு சலுகையும் எந்தப் பள்ளிக்கு உண்டு, எதற்கு இல்லை என்று பார்த்துத்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள்.

வயதிலிருந்து தொடங்குவோம். தனியார் நர்சரியில் பிள்ளையை மூன்று மூன்றரை வயதில் விடலாம். உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. எல்.கே.ஜி.க்குப் போன இடத்திலேயே பிள்ளை தங்கிவிடும். இதைப் புரிந்துகொண்டுதான் 2019இல் அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் மழலையர் வகுப்புகள் உண்டு. உதவி பெறும் பள்ளி அதைத் தொடங்கினால் செலவு நிர்வாகத்தின் தலையில்.

அடுத்தது மொழி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. உதவி பெறும் பள்ளியில் புதிய ஆங்கிலப் பிரிவுக்கு மானியம் இல்லை. சுயநிதியில் நடத்திக் கட்டணம் வாங்கலாம். பல வளாகங்களில் தமிழ்ப் பிரிவில் இருந்து பிள்ளைகளை இழுத்தது அதே வாசலுக்குள் இருந்த ஆங்கிலப் பிரிவுதான். பள்ளி நிரம்பியிருக்கும், மானியக் கணக்கில் பள்ளி காலியாகிக்கொண்டிருக்கும்.

பிறகு காலை உணவு. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சென்னையில் முதலில் அதைப் பெற்றவை வட சென்னையின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள். விடியலில் மீன் ஏலத்துக்கோ வீட்டு வேலைக்கோ கிளம்பிவிடும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் தெரியும். கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலையில் வந்தது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26இல். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள், மாநகராட்சிப் பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் பரிமாறப்பட, அதே வட்டாரத்து உதவி பெறும் பள்ளியில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு மணியடிக்கக் காத்திருந்தார்கள். மூன்று ஆகஸ்ட் முதல் தேதிகள் அதற்குள் கடந்துவிட்டன.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்னொன்று. 2020இல் வந்த சட்டப்படி இது ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. மாநகராட்சிப் பள்ளிக்கு உண்டு. உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கெட்டிக்காரப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுங்கள் என்று அரசே சொல்வதற்குச் சமம் இது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்றே தொடங்கியது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பரில்தான் நீண்டது.

எதிர்ப் பக்கத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணத்தை அரசு செலுத்துகிறது. சேரும் பிள்ளைக்கு நல்லது. ஆனால் அந்தப் பிள்ளை பக்கத்து மாநகராட்சிப் பள்ளியின் கணக்கிலிருந்தும் உதவி பெறும் பள்ளியின் கணக்கிலிருந்தும் ஒன்று குறைகிறது. இப்படி மூன்று வகைப் பள்ளிகளுக்கும் அரசே மூன்று வழியில் பணம் தருகிறது. மூன்றும் ஒரே பிள்ளைக்காகப் போட்டி போடுகின்றன.

சலுகை கொடுத்தால் கணக்கு ஏறுமா?

ஏறும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர். அவர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர மாநகராட்சி மன்றம் ஒப்புக்கொண்டது. பின்பு மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23இல் 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25இல் 1,671 ஆனார்கள். 1925இல் அரசு அந்தச் செலவை அனுமதிக்க மறுத்ததால் திட்டம் நின்றது. வருகைக் கணக்கு தானாக ஏறி இறங்குவதில்லை. மேலே எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் அதில் தெரியும்.

மாநகராட்சியும் கவலையில்லாமல் இருக்கவில்லை. 2021இல் கொரோனாவால் வருமானம் இழந்த குடும்பங்கள் பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளியில் கொண்டுவந்து விட்டன. வருமானம் திரும்பியதும் பலர் திரும்பிப் போய்விட்டார்கள்.

மூடினால் பெற்றோருக்கு என்ன உரிமை?

ஒரு தனியார் நிர்வாகம் நினைத்த நாளில் பள்ளியைப் பூட்ட முடியாது. கல்வி அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். படிக்கும் பிள்ளைகள் தொடர்ந்து படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டத்திலேயே இது இருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையும் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். டி.சி.யைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும். டி.சி. வரவில்லை என்று புதிய பள்ளி பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பார்த்தால் வட சென்னையில் இதில் குறையே தெரியாது. ஆனால் இந்த ஊர் கடலுக்கு இணையாக நீளவாக்கில் அறுபட்ட ஊர். கடலை ஒட்டி எண்ணூர் விரைவுச்சாலை. அதில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். உள்ளே திருவொற்றியூர் நெடுஞ்சாலை. அதற்கும் மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. ஏழு வயதுப் பிள்ளைக்கு நானூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளி, நடுவில் விரைவுச்சாலை வந்தால், போக முடியாத பள்ளி. மூடும் கோப்பில் தூரத்தோடு சேர்த்து நடுவில் எதைக் கடக்க வேண்டும் என்பதையும் எழுத வைக்க வேண்டும்.

மொழி இன்னொரு தூரம். ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரங்களில் தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்கள் மொழி வழியில் நடக்கும் ஒரு பிரிவை மூடினால் அடுத்த தெருவில் அது கிடைக்காது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் ‘சார்ட்டர்’ பள்ளிகள் என்றொரு வகை உண்டு. 1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டது. அரசுப் பணம், தனி நிர்வாகம். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் தலைக்கணக்கில் வரும். நகரங்களில் பிறப்பு குறைந்து வாடகை ஏறிக் குடும்பங்கள் வெளியேற, அந்தப் பள்ளிகளும் இதே சிக்கலில் மாட்டியிருக்கின்றன. அங்கே பணம் நிற்கிறது. இங்கே பணியிடம் போகிறது.

ஜப்பானில் 2002 முதல் 2020 வரை எட்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொதுப் பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே பிள்ளைகளே இல்லை. எஞ்சிய கட்டடங்களில் பெரும்பாலானவற்றை வேறு பயனுக்குத் திருப்பினார்கள். தமிழ்நாட்டிலும் 2019இல் பிள்ளைகள் இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஆனால் அரசுக் கட்டடத்துக்குத்தான் அது சரிப்படும். உதவி பெறும் பள்ளியின் நிலம் அறக்கட்டளையுடையது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு சாலையோர நிலத்தின் மதிப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

கேரளம் இந்த இடத்தில் வேறு வழி கண்டது. கோழிக்கோடு மலாப்பரம்பில் ஓர் உதவி பெறும் பள்ளியை லாபமில்லை என்று மூட மேலாளர் நீதிமன்றம் போனார். ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். நீதிமன்றத்தில் மேலாளர் ஜெயித்தார். 2016 ஜூனில் மாநில அமைச்சரவை அந்தப் பள்ளியையும் அதே நிலையில் இருந்த இன்னும் மூன்றையும் அரசே எடுத்துக்கொள்ள முடிவு செய்தது.

முதலில் எதை எண்ண வேண்டும்?

பள்ளியை மூடவே கூடாது என்று சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்பு எடுப்பது அந்தப் பத்துப் பேருக்கும் நியாயமில்லை. ஆனால் எண்ண வேண்டிய இடம் வகுப்பறை மட்டும் இல்லை. பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எங்கே படிக்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும். அங்கன்வாடிப் பதிவேடும் எமிஸும் அரசிடமே இருக்கின்றன. பிள்ளைகளே இல்லை என்றால் இணைக்கலாம், வண்டி ஏற்பாடு செய்யலாம். இருநூறு பேர் இருந்து இருபது பேர்தான் வருகிறார்கள் என்றால், எந்தச் சலுகை இந்தப் பள்ளிக்கு மறுக்கப்பட்டது, எந்த ஆசிரியர் இடம் நிரப்பப்படவில்லை என்று கேட்க வேண்டும். அந்த நிலையில் மூடுவது தீர்வாகாது. செய்த தவறுக்கு முத்திரை குத்துவதாகும்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால், ஜூலைக்குள் தாளாளரிடமும் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஆகஸ்ட் முதல் தேதிக்கு நம் கணக்கு எந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? ஒப்புதல் பெற்ற ஆசிரியர் இடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை? சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், ஏன்? பள்ளி இணைக்கப்பட்டால் பிள்ளை எந்தச் சாலையைக் கடக்க வேண்டும்? உதவி பெறும் பள்ளியில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே உண்டு. அதனால் கேள்வியையும் பதிலையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் இன்னொன்றை வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். ஆகஸ்ட் இரண்டாம் தேதி கேட்கும் கேள்விக்கு அடுத்த ஆண்டுதான் பதில் வரும்.